பேஸ் ஆம்ப் வாங்கணுமா? டிரம்மரைக் கூட்டிட்டுப் போங்க

போன வாரம் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது ஒரு ஜூனியர் பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, பேஸ் கிடார் வாங்கிட்டேன். ஆம்ப் எத்தனை வாட்ஸ் வாங்கணும்? ஒரே வரில சொல்லுங்கண்ணா, சாம்பார் வந்துடும்."

ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இதே கேள்விக்கு ஒரே வரிப் பதில் தேடிப் போய்த்தான் நான் ஒருத்தருடைய ஸ்பீக்கரைக் கிழித்தேன். ஒரு நண்பனோடு ஒன்றரை மாசம் பேசாமல் இருந்தேன். அதனால் அவனிடம் "அப்புறம் சொல்றேன்டா" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பேஸ் கிடார் பக்கமே போகாத மக்களும் படிக்கலாம். சண்டை எல்லாம் இருக்கு :-)

முதலில் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. பேஸ் கிடார் என்பது நாலு தடித்த கம்பி வைத்த கிடார். இளையராஜா பாட்டுகளில் சசிதரனும், ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸும் வாசித்திருப்பது இதைத்தான். பாட்டுக்கு அடியில் "டும்... டுடும்" என்று நடந்து போகும் அந்தக் கனமான சத்தம். ஆம்ப் இல்லாமல் மீட்டினால் கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம் வரும். அதனால் ஆம்ப் கட்டாயம். ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்றால் அதற்குப் பெயர் காம்போ. மாணவர்கள் வாங்குவது பெரும்பாலும் இதுதான், தூக்க ஒரு பெட்டி போதும் என்பதால்.

இப்போது என் கதை.

இரண்டாம் வருஷம் ஆரம்பத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் தொடங்கினோம். கிடார் வாசிக்க இரண்டு பேர் ஏற்கெனவே இருந்ததால் எனக்குக் கிடைத்தது பேஸ். (எல்லா பேண்டிலும் பேஸ் வாசிப்பவன் இப்படித்தான் உருவாகிறான். அந்த இரண்டு பேரில் ஒருவன் பிறகு பாடகனாகிவிட்டான்.) ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசோடு கடைக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். கடைக்காரர் ஒரு 15 வாட்ஸ் காம்போவைக் காட்டினார். உள்ளே 8 இன்ச் ஸ்பீக்கர். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் வாசித்துப் பார்த்தேன். நெஞ்சுக்குள் இறங்கியது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஹாஸ்டல் ரூமில் அது இன்னும் அருமையாக இருந்தது. ஒலியைப் பாதிக்கு மேல் வைத்தால் ஜன்னல் கம்பியில் தொங்கிய பக்கெட் ஆடியது. பக்கத்து ரூம்காரன் சுவரைத் தட்டினான். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் பிராக்டிஸ். கேன்டீனுக்குப் பின்னால் பழைய சாமான் போடுகிற ஷெட்டில் டிரம்ஸ் செட்டைப் போட்டிருந்தோம். டிரம்மர் நாலு எண்ணி ஆரம்பித்தான். அவ்வளவுதான். நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. விரல் அசைகிறது, கம்பி ஆடுகிறது, சத்தம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. வால்யூமைக் கடைசிவரை திருப்பினேன். 'டும்' போய் 'டர்ர்ர்' என்று வந்தது, ஓட்டை பக்கெட்டைத் தட்டின மாதிரி.

"மச்சான், கொஞ்சம் மெதுவா அடிடா."

"மெதுவாத்தான் அடிக்கறேன்."

இது ஒரு வாரம் போனது. ரெண்டாவது வாரம் நான் கத்தினேன். "உனக்கு அடிக்க மட்டும்தான் தெரியுமா? கேக்கத் தெரியாதா?" அவன் ஸ்டிக்கைக் கீழே வைத்தான். "நீ வாசிக்கறதே கேக்கல. இதுல நான் எதைக் கேக்கறது?" என்றான். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. பிராக்டிஸ் மட்டும் நடந்தது. என் செய்தி அவனுக்கும் அவன் செய்தி எனக்கும் பாடகன் மூலமாகப் போனது. அவன்தான் எங்கள் ஐ.நா. சபை.

ஏன் இப்படி ஆனது என்று அப்போது எனக்குத் தெரியாது. டிரம்மர் வில்லன் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பிசிக்ஸ் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ் கிடாரின் தடித்த கம்பி ஒரு செகண்டுக்கு 41 தடவை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். சரியாக இரண்டு மடங்கு. இதில் என்ன விஷயம் என்றால், அதே அளவு சத்தத்தை பாதி ஹெர்ட்ஸில் கொடுக்க ஸ்பீக்கர் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். தாழ்ந்த சத்தம் என்பது காற்றைத் தள்ளுகிற வேலை. சின்ன கோன் எவ்வளவுதான் தள்ளும்? மொட்டைமாடியை விசிறி வைத்துக் காயவைக்கிற கதைதான்.

அடுத்து நம் காது. மனிதக் காதுக்கு தாழ்ந்த ஒலிகள் அவ்வளவு சுலபமாகக் கேட்காது. சத்தம் குறையக் குறைய இன்னும் மோசம். 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் இதை அளந்து வளைகோடுகளாகவே போட்டுவிட்டார்கள். அதனால்தான் ராத்திரி ரூமில் மெதுவாக வாசிக்கும்போது கை தானாக 'பேஸ்' என்று போட்ட குமிழைத் திருகுகிறது. நானும் அதை முழுக்கத் திருகியிருந்தேன். ட்ரெபிளையும் முழுக்க ஏற்றி, நடுவில் இருக்கும் 'மிட்' குமிழைப் பூஜ்யத்தில் வைத்திருந்தேன். தனியாகக் கேட்டால் சி.டி.யில் வருகிற மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஆப்பு. குமிழைத் திருகி ஒரு ஒலியை 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் அந்த ஒலிக்கு இரண்டு மடங்கு சக்தி செலவழிக்க வேண்டும். 10 டெசிபல் ஏற்றினால் பத்து மடங்கு. என்னிடம் இருந்ததே 15 வாட்ஸ். மொத்தத்தையும் யாருக்கும் கேட்காத அடி ஒலியில் கொட்டிவிட்டு, கேட்கிற மிட்டைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு, டிரம்மரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 15 வாட்ஸ் கொடுத்தால் கிட்டத்தட்ட 102 டெசிபல். அதுவும் நடு ஒலிகளில். அடி ஒலியில் இன்னும் குறைவு. டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் சாதாரணமாகவே 100 டெசிபலைத் தாண்டும். சின்ன பெட்டி தோற்காமல் என்ன செய்யும்? இதுவே 96 டெசிபல் தருகிற ஸ்பீக்கர், 100 வாட்ஸ் என்றால் 116 வருகிறது. இப்போது ஆட்டம் சரிசமம்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 14 டெசிபல் வித்தியாசத்தில் வாட்ஸ் கொடுத்தது 8-தான். மீதி 6 ஸ்பீக்கர் கொடுத்தது. 6 டெசிபல் என்றால் வாட்ஸ் கணக்கில் நாலு மடங்கு. ஆனால் கடையில் யாராவது ஸ்பீக்கரின் டெசிபல் என்னவென்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாரும் வாட்ஸைத்தான் கேட்கிறோம். இன்னொன்று, காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும். அதாவது 15 வாட்ஸ் ஆம்ப்பின் இரட்டிப்பு சத்தம் 30 வாட்ஸ் இல்லை, 150 வாட்ஸ்.

சரி, கதைக்கு வருவோம்.

கல்ச்சுரல்ஸ் வந்தது. 15 வாட்ஸ் வேலைக்கு ஆகாது என்று அதற்குள் புரிந்துவிட்டது. ஒரு சீனியர் அண்ணனிடம் நல்ல கிடார் ஆம்ப் இருந்தது. பெரியது, சத்தமானது, பின்பக்கம் திறந்திருக்கும் டைப். "அண்ணா, ஒரு நாள் மட்டும்" என்று கெஞ்சி வாங்கினேன். பேஸுக்கு என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டாவது பாட்டின் நடுவில் 'ப்பட்' என்று ஒரு சத்தம். அப்புறம் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சலசலப்பு. அப்புறம் ஒன்றுமே இல்லை.

மேலே சொன்ன நாலு மடங்கு கணக்கு ஞாபகம் இருக்கிறதா? கிடார் ஸ்பீக்கரின் கோன் அவ்வளவு தூரம் போய்வரச் செய்யப்பட்டதே இல்லை. மூடிய பெட்டியாக இருந்தால் உள்ளே அடைபட்ட காற்றாவது ஸ்ப்ரிங் மாதிரி கோனைப் பிடித்துவைக்கும். பின்பக்கம் திறந்த பெட்டியில் அதுவும் கிடையாது. வால்யூமைக் குறைத்து வாசித்தால் தப்பிக்கலாம். நான் குறைக்கவா செய்வேன்?

தலைகீழாகச் செய்தால் ஒன்றும் ஆகாது, அதுதான் வேடிக்கை. லியோ ஃபெண்டர் 1951-ல் ப்ரிசிஷன் பேஸை வெளியிட்டார். அதற்கு ஆம்ப் வேண்டுமே என்று 1952-ல் 15 இன்ச் ஸ்பீக்கரோடு 'பேஸ்மேன்' வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் அதில் நாலு 10 இன்ச் ஸ்பீக்கர்கள் வந்தபோது கிடார்காரர்கள் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் செய்த முதல் மார்ஷல் ஆம்ப்பே பேஸ்மேனைப் பார்த்துச் செய்ததுதான். அதாவது ராக் கிடாரின் புகழ்பெற்ற சத்தத்துக்கு அப்பா ஒரு பேஸ் ஆம்ப். பேஸ் ஆம்ப்பில் கிடார் வாசிக்கலாம். கிடார் ஆம்ப்பில் பேஸ் வாசித்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

மேடையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று இன்னும் சொல்லவில்லை. என் சத்தம் நின்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. பாடகன் திரும்பிப் பார்த்தான். டிரம்மர் மட்டும் ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை. நான் வாசிக்க வேண்டிய தாளத்தை அவனே தரையில் நிற்கிற பெரிய டாமில் வாசிக்க ஆரம்பித்தான். என்னோடு ஒன்றரை மாசமாகப் பேசாதவன். நான் வாசிக்கிறது கேட்கவே இல்லை என்று சொன்னவன். ஒரு அடி கூடத் தப்பாமல், என் பகுதியை முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தான். கூட்டத்தில் பாதிப் பேருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

கீழே இறங்கினதும் நேரே போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "தேங்க்ஸ்டா" என்றேன்.

"நீ எங்க இருக்கேன்னு கேக்கலன்னா எனக்கு எங்க அடிக்கறதுன்னே தெரியலடா. அதான் பயத்துல இன்னும் ஓங்கி ஓங்கி அடிச்சிருக்கேன் போல" என்றான்.

இதுதான் விஷயம். அவன் ஓங்கி அடித்ததால் நான் வால்யூமை ஏற்றினேன். ஏற்றினதில் என் சத்தம் குழம்பியது. என் சத்தம் குழம்பியதால் அவன் இன்னும் ஓங்கி அடித்தான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்கத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தோம்!

சீனியர் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ரிச்சி தெருவுக்கு ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போய் கோன் மாற்றினேன். அடுத்த மூன்று மாசம் கேன்டீன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆம்ப் வாங்க ஆறு மாசம் ஆனது. இந்தத் தடவை ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: டிரம்மர் இல்லாமல் எந்த ஆம்ப்பையும் வாசித்துப் பார்க்கக் கூடாது. பெரம்பூர் பக்கம் ஒரு சர்ச்சில் வாசிக்கிற அண்ணன் தன் பழைய காம்போவை விற்கிறார் என்று தெரிந்தது. 100 வாட்ஸ், 12 இன்ச் ஸ்பீக்கர். சர்ச்சிலேயே டிரம்ஸும் இருந்தது நல்லதாகப் போனது. நான் தனியாக வாசித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. மூக்கடைத்த மாதிரி, நடு ஒலி தூக்கலாக. முதல் ஆம்ப் அளவுக்குக்கூட 'அழகாக' இல்லை. பிறகு அவன் உட்கார்ந்து அடித்தான். மூக்கடைப்பு காணாமல் போய்விட்டது. நான் எந்த ஸ்வரத்தில் இருக்கிறேன் என்று ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. அவன் அடித்துக்கொண்டே தலையை ஆட்டினான். வாங்கியாச்சு.

பத்து கிலோதான். ஆனால் பெரம்பூரிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து சுரங்கப்பாதை படி இறங்கி ஏறி பார்க் ஸ்டேஷன், அப்புறம் தாம்பரம் ரயில். நடுவில் இரண்டு தடவை கை மாற்றினோம். வாங்குவதற்கு முன் நீங்களும் தூக்கிப் பாருங்கள். இப்போதைய ஆம்ப்புகளில் 'கிளாஸ் டி' சர்க்யூட்டும் நியோடிமியம் காந்தமும் வந்து எடை நிறைய குறைந்திருக்கிறது. பழைய காலத்து இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால், நம்ம ஹாஸ்டல் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

இனி ஜூனியர் தம்பிக்கான பகுதி.

எவ்வளவு பெரிசு வேண்டும்? யாரோடு, எங்கே வாசிக்கப் போகிறாய் என்பதுதான் கேள்வி. ரூமில் தனியாக என்றால் 15 - 25 வாட்ஸ், 8 இன்ச் ஏராளம். ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், பக்கத்து ரூம்காரனும் மனுஷன்தான். டிரம்ஸோடு என்றால் 100 வாட்ஸ், 12 அல்லது 15 இன்ச், இல்லை இரண்டு 10 இன்ச். பெரிய ஆடிட்டோரியம் என்றால் அதற்காக 500 வாட்ஸ் தேட வேண்டாம். ஆம்ப்பின் பின்னால் 'டி.ஐ. அவுட்' என்று ஒரு மூணு பின் சாக்கெட் இருந்தால் போதும். அதிலிருந்து மைக்செட் அண்ணன் வயர் இழுத்துக்கொள்வார். ஹாலை அவர் பார்த்துக்கொள்வார், உன் ஆம்ப் மேடைக்கு மட்டும். ஜேம்ஸ் ஜேமர்சன் என்று மோடவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசித்த மாமேதை கிளப்புகளில் பயன்படுத்திய ஆம்பெக் பி-15, 1960-ல் வந்தது. வெறும் 25 வாட்ஸ் சுமாருக்குத்தான், ஆனால் மூடிய பெட்டியில் 15 இன்ச் ஸ்பீக்கர்.

வாட்ஸ் நம்பரை அப்படியே நம்பாதே. உதாரணமாக ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போ. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்களோடு அது தருவது 350 வாட்ஸ். வெளியே இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டியை மாட்டினால்தான் 500. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. அவர்களே எழுதித்தான் இருக்கிறார்கள், நாம்தான் பெரிய எழுத்தை மட்டும் படிக்கிறோம். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4 ஓம் ஆகும், ஓம் குறைந்தால் ஆம்ப் அதிகம் தள்ளும். 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே போகாதே, புகை வரும். அப்புறம், அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கிவரும் ஆம்ப் என்றால் பின்னால் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பார். நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் அதற்கும் புகைதான்.

கெயின் வேறு, வால்யூம் வேறு. முதலில் மாஸ்டர் வால்யூமைக் குறைத்து வை. நீ எவ்வளவு ஓங்கி வாசிப்பாயோ அவ்வளவு ஓங்கி வாசித்துக்கொண்டே கெயினை ஏற்று. சிவப்பு விளக்கு லேசாகக் கண் சிமிட்டும் இடத்தில் கொஞ்சம் பின்வாங்கு. அதற்குப் பிறகு சத்தத்துக்கு மாஸ்டரை மட்டும் தொடு. உன் கிடாரில் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் அது ஆக்டிவ் பேஸ். அதற்கு ஆம்ப்பில் தனி ஓட்டையோ பட்டனோ இருக்கும், அதைப் பயன்படுத்து. வாசித்து முடித்ததும் கிடாரிலிருந்து வயரைப் பிடுங்கிவிடு. சொருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

மிட் குமிழைக் கொல்லாதே. இது எனக்குக் கிடைத்த பெரிய பாடம். ஒரு சோதனை செய்து பார்: உன் செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் ஒரு இளையராஜா பாட்டைப் போடு. அந்த ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைக் கனவில்கூடக் கொடுக்க முடியாது. ஆனாலும் பேஸ் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று உனக்குத் தெரிகிறது. எப்படி? கம்பி அதிரும்போது 41 மட்டும் வருவதில்லை. 82, 123, 165 என்று அதன் மடங்குகளும் கூடவே வருகின்றன. இந்த மேல் மடங்குகளைக் கேட்டு, கீழே இருக்க வேண்டிய ஒலியை மூளையே ஊகித்துக்கொள்கிறது. ஆக, பேஸ் வாசிப்பவன் என்ன சொல்கிறான் என்பது பெரும்பாலும் நடு ஒலிகளில்தான் இருக்கிறது. தவிர 60 ஹெர்ட்ஸ் பக்கம் டிரம்மரின் கிக் உட்கார்ந்திருக்கும். அங்கே போய் அவனோடு இடத்துக்குச் சண்டை போடாதே. எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து ஆரம்பி. பேண்டில் கேட்கவில்லை என்றால் வால்யூமைத் தொடுவதற்கு முன்னால் மிட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பார். 250-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நமக்குச் சாப்பாடு.

எங்கே வைப்பது? தரையில் வைத்துப் பக்கத்தில் நின்றால் ஸ்பீக்கர் உன் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். காது அங்கே இல்லை. ஒரு நாற்காலியில் வை, இல்லை பின்னால் சாய்த்து வை. அறை மூலையில் வைத்தால் அடி ஒலி வீங்கும், சுவர்கள் சேர்ந்து தள்ளுவதால். ரூமில் அது நன்றாக இருக்கும், மேடையில் 'ஊம்ம்ம்' என்று எல்லாவற்றையும் மூடிவிடும். பலகை மேடை என்றால் அடியில் வெற்றிடம் இருப்பதால் மேடையே டிரம் மாதிரி அதிரும். அங்கேயும் நாற்காலிதான் துணை.

கடைசியாக, எர்த். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஆம்ப்பில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், "பிளக்ல எர்த் பின்னை உடைச்சு விட்டுடு, சரியாயிடும்" என்று சொல்ல ஒருத்தர் கண்டிப்பாக வருவார். இரைச்சல் நிற்கவும் நிற்கும். ஆனால் அந்தப் பின்தான் ஆம்ப்புக்குள் ஏதாவது கோளாறு என்றால் கரண்ட்டை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது இல்லை என்றால் கரண்ட் கம்பி வழியாக உன் கைக்கு வரும். உன் உதடு மைக்கைத் தொட்டால் சுற்று முழுமையாகும். 1972-ல் ஸ்டோன் த க்ரோஸ் பேண்டின் லெஸ் ஹார்வி, வேல்ஸில் ஸ்வான்சி ஊரில் மேடையிலேயே, சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். இரைச்சல் வந்தால் டி.ஐ. பக்கத்தில் 'கிரவுண்ட் லிஃப்ட்' பட்டனைத் தட்டிப் பார். அது ஒலி வயரின் கிரவுண்டை மட்டும்தான் விடுவிக்கும், பவர் பிளக்கின் எர்த்தைத் தொடாது. மேடைக்குப் போனதும் நான் இப்போது முதலில் பார்ப்பது சாக்கெட்டில் மூணாவது ஓட்டை வேலை செய்கிறதா என்பதைத்தான். மைக்செட் அண்ணன்கள் டெஸ்டர் வைத்திருப்பார்கள், கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் பெரிய வித்வான் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். விரல் இன்னும் அங்கங்கே தடுக்குகிறது. ஆனால் போன மாசம் டிபார்ட்மெண்ட் விழாவில் வாசித்தபோது வால்யூம் பாதியைக்கூடத் தாண்டவில்லை. டிரம்மர் அடித்ததும் கேட்டது, நான் வாசித்ததும் கேட்டது. விழா முடிந்து வந்தவர்கள் எல்லாம் "பாட்டு சூப்பர்", "டிரம்ஸ் சூப்பர்" என்றார்கள். பேஸைப் பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. முன்பாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பேன். டிரம்மர் மட்டும் ஆம்ப்பின் இன்னொரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே, "இன்னிக்கு ஸ்டிக்கே உடையலடா" என்றான். எனக்கு அது போதும்.

நேற்று ஜூனியரைத் திரும்பப் பார்த்தேன். "அண்ணா, எத்தனை வாட்ஸ்?" என்றான் மறுபடியும். ஒரே வரியில் சொல்லிவிட்டேன்: "ஞாயித்துக்கிழமை உன் டிரம்மரைக் கூட்டிட்டு ஷெட்டுக்கு வா, என் ஆம்ப்ல வாசிச்சுப் பாத்து முடிவு பண்ணலாம்."

பையன் தலையைச் சொறிந்தான்.

"டிரம்மர் இன்னும் கிடைக்கலண்ணா."

முதல்ல அதைத் தேடுடா தம்பி. ஆம்ப் எங்கேயும் ஓடிப் போகாது.

பின்குறிப்பு: அந்தப் பழைய 15 வாட்ஸ் பெட்டியை விற்கவில்லை. ராத்திரி ரூமில் ஹெட்ஃபோன் மாட்டிப் பழக இன்னும் அதுதான். பக்கத்து ரூம்காரன் இப்போதெல்லாம் சுவரைத் தட்டுவதில்லை.